மீட்டிங்ல வாய் திறக்க பயம், போன் எடுக்க பயம்: வேலையை விடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கேள்வி சுருக்கமா இதுதான். வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு, வேலையில யாரும் குறை சொன்னதில்ல, ஆனா மீட்டிங்ல தன் முறை வர்றதுக்கு முன்னாடியே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, குரல் நடுங்குது. போன் அடிச்சா எடுக்காம விட்டுட்டு அப்புறமா மெயில் போடறாங்க, சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் போயிட்டு வந்த பிறகு தனியா போறாங்க. அப்ரைசல்ல "இன்னும் கொஞ்சம் கலந்து பேசணும்"னு மேனேஜர் எழுதிட்டாரு. இப்ப ரெண்டு வாரத்துல டீம் முன்னாடி ஒரு ப்ரசென்டேஷன் இருக்கு, பேசாம வேலையை விட்டுட்டு தனியா உட்கார்ந்து செய்யற வேலையா பார்த்துக்கலாமான்னு கேட்டிருக்காங்க.

இப்போதைக்கு விடாதீங்க. இந்த பயத்தோட வர்றவங்க கூட ஆலோசகரா பல வருஷமா உட்கார்ந்து பேசிட்டு வர்றேன், அந்த அனுபவத்துல சொல்றேன். ராஜினாமா லெட்டர் அனுப்பின அன்னிக்கு ராத்திரி நல்லா தூக்கம் வரும், பெரிய பாரம் இறங்கின மாதிரி இருக்கும், ஆனா அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. "ஓடினதாலதான் தப்பிச்சோம்"னு மனசு கத்துக்கும், அடுத்த இடத்துல புது முகங்கள், புது மேனேஜர், முதல் நாள் அறிமுகப் படலம்னு எல்லாம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். இப்ப இருக்கற இடத்துல உங்க வேலை நல்லா இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், மாற்றத்தை முயற்சி பண்ணிப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இது உங்க குணக்கோளாறு இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. சோஷியல் ஆங்ஸைட்டின்னு பேர், மத்தவங்க நம்மளைத் தப்பா எடை போட்டுடுவாங்களோங்கற பயம். 1980ல அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட டிஎஸ்எம்ங்கற மனநோய்ப் பட்டியல் கையேடு மூணாவது பதிப்புல சோஷியல் ஃபோபியாங்கற பேர்ல இதைத் தனிப் பிரச்சினையா சேர்த்தாங்க. பெரும்பாலும் பதின்ம வயசுல, சுமார் 13 வயசுக்குப் பக்கத்துலயே ஆரம்பிச்சுடுது, அதனால ஆபீஸ் வந்து உண்டாக்கின பயம்னு நினைக்காதீங்க. ஸ்கூல்லயும் காலேஜ்லயும் கடைசி பெஞ்சுல உட்கார்ந்து ஒப்பேத்திட்டு வந்திருப்பீங்க, ஆபீஸ்ல வாரத்துக்கு நாலு மீட்டிங் வைக்கும்போது ஒளியறதுக்கு இடம் இல்லாம போயிடுது, அவ்வளவுதான்.

வெறும் கூச்சமா இல்ல அதுக்கு மேலயான்னு தெரிஞ்சுக்க மினி ஸ்பின்னு மூணே கேள்வி உள்ள ஒரு சின்ன பரிசோதனை இருக்கு. அவமானப்படுவோமோன்னு பயந்து காரியங்களையோ ஆளுங்ககிட்ட பேசறதையோ தவிர்க்கறேனா, எல்லார் கண்ணும் என் மேல விழற விஷயங்களைத் தவிர்க்கறேனா, சங்கடப்படறதும் முட்டாளா தெரியறதும் என்னோட மோசமான பயங்கள்ல ஒண்ணா, இந்த மூணுக்கும் பூஜ்யத்துலேர்ந்து 4 வரைக்கும் மார்க் போடணும். மொத்தம் 6 அல்லது அதுக்கு மேல வந்தா ஒரு நிபுணரைப் பார்த்து முழுசா பரிசோதிக்கறது நல்லது. மூணு கேள்வியை வச்சு நோய்னு யாரும் முடிவு கட்ட மாட்டாங்க, 6 மாசத்துக்கு மேல நீடிக்குதா, வேலையையோ உறவுகளையோ பாதிக்குதான்னும் பார்ப்பாங்க. நீங்க எழுதியிருக்கறதைப் பார்த்தா ரெண்டுமே ஆமாதான்னு தோணுது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், இதை மட்டும் கொஞ்சம் நிதானமா படிங்க. பயம் போன பிறகு பேசலாம்னு நீங்க காத்துக்கிட்டு இருக்கீங்க. ஆனா பயம் போகாம பிடிச்சு வச்சிருக்கறதே அதை மறைக்க நீங்க செய்யற வேலைகள்தான்.

மீட்டிங்ல உங்க முறை வர்றதுக்கு முந்தின ரெண்டு நிமிஷத்தை யோசிச்சுப் பாருங்க. வரிசையா ஒவ்வொருத்தரா சொல்லிட்டு வர்றாங்க, உங்களுக்கு முன்னாடி இன்னும் மூணு பேர். அவங்க என்ன சொல்றாங்கன்னு காதுல விழுதா? விழாது. மனசுக்குள்ள சொல்ல வேண்டிய வரியை ஒத்திகை பார்த்துக்கிட்டு இருப்பீங்க, நெஞ்சு எவ்வளவு வேகமா அடிக்குதுன்னு கவனிச்சுக்கிட்டு இருப்பீங்க, முகம் சூடாகுதா, கை நடுங்குதான்னு உள்ளுக்குள்ளயே பார்த்துக்கிட்டு இருப்பீங்க. அப்புறம் எதிர்ல உட்கார்ந்திருக்கறவங்க கண்ணுக்கு நீங்க எப்படித் தெரியறீங்கன்னு ஒரு படம் மனசுல ஓடும், அதுல முகம் சிவந்து வேர்த்து வழிஞ்சு திக்கிக்கிட்டு நிப்பீங்க. அந்தப் படம் எதிர்ல இருக்கறவங்க முகத்தைப் பார்த்து வந்தது இல்ல, உங்க நெஞ்சு துடிப்பையும் சூட்டையும் வச்சு உங்க மனசே வரைஞ்சது. உள்ள எவ்வளவு பதற்றமோ வெளியேயும் அவ்வளவு தெரியுதுன்னு நம்பிடறீங்க. டேவிட் கிளார்க், அட்ரியன் வெல்ஸ்னு ரெண்டு உளவியலாளர்கள் 1995ல இந்தச் சுழலை ரொம்பத் தெளிவா எழுதி வச்சாங்க, இன்னிக்கு இதுக்குக் கொடுக்கற சிகிச்சையில நல்லா வேலை செய்யறது அதுலேர்ந்து வந்ததுதான். ரோட்டைப் பார்க்காம கண்ணாடியில தன் முகத்தையே பார்த்துக்கிட்டு வண்டி ஓட்டறவங்க மாதிரி ஆயிடறீங்க, அப்ப தடுமாறாம இருந்தாதான் ஆச்சரியம்.

இதுக்கு மேல தற்காப்பு வேலைகள்னு ஒரு கூட்டம் இருக்கு. சேஃப்டி பிஹேவியர்னு சொல்லுவாங்க. ஆபீஸ்ல இது எந்தெந்த ரூபத்துல வருதுன்னு நான் பார்த்ததைச் சொல்றேன், எத்தனை உங்களுக்குப் பொருந்துதுன்னு பாருங்க: சின்ன மெசேஜை அனுப்பறதுக்கு முன்னாடி பத்து தடவை திருத்தி எழுதறது, மீட்டிங் ஆரம்பிக்கற சரியான நிமிஷத்துக்கு உள்ள நுழைஞ்சு முடிஞ்ச உடனே முதல் ஆளா வெளியே போறது, கப்பை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிக்கறது, லிஃப்ட்ல யாராவது ஏறினா போனை எடுத்துப் பார்க்கற மாதிரி பாவனை பண்றது, யாரோட கண்ணையும் பார்க்காம நோட்டுல எழுதிக்கிட்டே இருக்கறது, வேகமா பேசி சீக்கிரம் முடிக்கறது, "இது தப்பா கூட இருக்கலாம், ஆனா"ன்னு ஆரம்பிக்கறது, வேர்வை தெரியக் கூடாதுன்னு கருப்புச் சட்டையாவே போடறது, எதிராளியையே பேச விட்டுட்டு தன்னைப் பத்தி ஒரு வார்த்தை கூட சொல்லாம தப்பிக்கறது.

ஒவ்வொண்ணும் அந்த நிமிஷத்துக்கு உதவற மாதிரிதான் இருக்கும். ஆனா அது ரெண்டு கெடுதல் பண்ணுது. முதலாவது, ஒண்ணும் ஆகாம மீட்டிங் முடிஞ்சா "ஒண்ணும் ஆகலையே"ன்னு மனசு எடுத்துக்காது, "கப்பை இறுக்கிப் பிடிச்சதாலதான் தப்பிச்சோம்"னு எடுத்துக்கும், அதனால நூறு மீட்டிங் போனாலும் பயம் அப்படியே இருக்கும். மூணு வருஷமா மீட்டிங் போறீங்களே ஏன் குறையலன்னு கேட்டா காரணம் இதுதான். ரெண்டாவது கெடுதல் எனக்கு இன்னும் வருத்தமான விஷயம். கண்ணைப் பார்க்காம இருக்கறது, போனைப் பார்க்கறது, ஒத்தை வார்த்தையில பதில் சொல்றது, சாப்பிடக் கூப்பிட்டா வரலன்னு சொல்றது, இதையெல்லாம் வெளியேர்ந்து பார்க்கறவங்களுக்கு பயம்னு தெரியாது. திமிர்னு தெரியும், இல்லன்னா "நம்மளைப் பிடிக்கல போல"ன்னு தெரியும். அவங்களும் ஒதுங்கிடுவாங்க. அதைப் பார்த்துட்டு "பாரு, என்னை யாருக்கும் பிடிக்கல"ன்னு நீங்க உறுதி பண்ணிப்பீங்க. உங்க மேனேஜர் எழுதின அந்த வரியைக் கூட இந்தக் கோணத்துல ஒரு தடவை படிச்சுப் பாருங்க, உங்க திறமையைப் பத்தி அவர் ஒண்ணும் எழுதல, நீங்க எட்டி நிக்கறது மட்டும்தான் அவர் கண்ணுல பட்டிருக்கு.

நம்ம பதற்றம் எல்லாருக்கும் தெரியுதுங்கற நம்பிக்கை எவ்வளவு தப்புன்னு சோதிச்சுப் பார்த்திருக்காங்க. 2000ல தாமஸ் கிலோவிச்சும் கூட இருந்தவங்களும் வெளியிட்ட ஆய்வுல, கார்னெல் யுனிவர்சிட்டி மாணவர்களை பாரி மேனிலோங்கற பாடகர் படம் போட்ட டி ஷர்ட் போட வச்சு (அந்த வயசுப் பசங்களுக்கு அது மானக்கேடு) மத்தவங்க இருந்த ரூமுக்குள்ள அனுப்பினாங்க. கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனிச்சிருப்பாங்கன்னு போட்டவங்க நினைச்சாங்க, உண்மையில கவனிச்சது கால்வாசிப் பேர்தான். அதைவிட உங்களுக்கு நேரடியா உதவற ஆய்வு 2003ல வந்தது, கென்னத் சவிட்ஸ்கியும் கிலோவிச்சும் செஞ்சது. மேடையில பேசப் போறவங்கள்ல ஒரு பகுதிப் பேர்கிட்ட மட்டும் "உங்க பதற்றம் நீங்க நினைக்கற அளவுக்கு வெளியே தெரியாது, அதை ஆராய்ச்சியிலயே பார்த்திருக்காங்க"ன்னு முன்கூட்டியே விளக்கிச் சொன்னாங்க. அப்படிச் சொல்லப்பட்டவங்க நல்லா பேசினாங்க, தங்களுக்கே திருப்தியா இருந்ததோட பார்த்தவங்களும் நல்லா இருந்துச்சுன்னு மார்க் போட்டாங்க. ஆனா நான் சொல்றேன்னு இதை நம்பாதீங்க, படிச்சுத் தெரிஞ்சுக்கறதால இந்த பயம் அசையறது கம்மி, நீங்களே பரிசோதிச்சுப் பார்க்கணும்.

எப்படிப் பரிசோதிக்கறதுன்னா, "தைரியமா போய்ப் பேசு"ங்கற மாதிரி இல்ல. என்ன நடக்கும்னு பயப்படறீங்களோ அதைத் தெளிவா எழுதி வச்சுட்டு, ஒரே ஒரு தற்காப்பு வேலையை மட்டும் விட்டுட்டு, நடந்ததைப் பார்த்துட்டு வரணும். என்கிட்ட வந்த ஒருத்தருக்கு கை நடுங்கறது பெரிய பயம், அடையாளம் தெரியாம இருக்க விவரத்தை மாத்தித்தான் சொல்றேன். மீட்டிங்ல தண்ணி குடிக்கவே மாட்டாரு, தொண்டை வறண்டு போய் குரல் இன்னும் கெட்டுப் போகும். அவர் எழுதினது: "நான் தண்ணி குடிச்சா கை ஆடும், குறைஞ்சது நாலு பேராவது பார்ப்பாங்க, ஒருத்தராவது உடம்பு சரியில்லையான்னு கேப்பாங்க." ஒரு கையால, அவசரப்படாம, க்ளாஸை எடுத்துக் குடிக்கணும், குடிக்கும்போது கையைப் பார்க்காம எதிர்ல இருக்கறவங்க முகத்தைப் பார்க்கணும், இவ்வளவுதான் பரிசோதனை. கை ஆடத்தான் செஞ்சுது. யாரும் நிமிர்ந்து கூட பார்க்கல, ரெண்டு பேர் லேப்டாப்ல இருந்தாங்க, ஒருத்தர் தன் ஸ்லைடைத் தேடிக்கிட்டு இருந்தாரு. அதுக்கப்புறம் ஒரு படி மேல போய் வேணும்னே கையைக் கொஞ்சம் நடுங்க விட்டுக் குடிச்சுப் பார்த்தாரு. அப்பவும் யாரும் எதுவும் கேட்கல. இத்தனை வருஷம் எதை மறைச்சுக்கிட்டு இருந்தோம்ங்கற கேள்வி அவருக்குத் தானா வந்துச்சு, நான் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கல.

இதுல கவனிக்க வேண்டியது, பயம் குறைஞ்சுதாங்கறது அளவுகோல் இல்ல. நீங்க எதிர்பார்த்தது நடந்துச்சாங்கறதுதான் அளவுகோல். பயத்தோடயே போயிட்டு, நினைச்சது நடக்கலன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்தா அது வெற்றிதான். எதிர்பார்ப்புக்கும் நடந்ததுக்கும் நடுவுல இடைவெளி எவ்வளவு பெருசோ அவ்வளவு பலமா மனசு கத்துக்கும். அதனாலதான் எழுதி வைக்கணும்னு அழுத்திச் சொல்றேன், எழுதலன்னா அப்புறம் "நான் ஒண்ணும் அவ்வளவு பயப்படலையே"ன்னு மனசு மாத்திச் சொல்லிடும், கத்துக்கிட்டது ஒண்ணும் தங்காது.

உங்க விஷயத்துல மீட்டிங்லேர்ந்து ஆரம்பிங்க. கடைசியில பேசலாம்னு காத்திருக்கறவங்களுக்கு ஒவ்வொரு நிமிஷமும் பயம் ஏறிக்கிட்டே போகும், அதனால முதல் அஞ்சு நிமிஷத்துக்குள்ள எதையாவது சொல்லிடுங்க, அறிவாளித்தனமா இருக்கணும்னு இல்ல, "அந்த தேதி மாறிடுச்சா?"ன்னு ஒரு கேள்வி போதும். ஒரு தடவை குரல் வெளியே வந்துட்டா ரெண்டாவது தடவைக்குக் கஷ்டம் பாதியாயிடும். வரியை மனப்பாடம் பண்ணாதீங்க, சொல்ல வேண்டிய விஷயத்தை மூணு நாலு வார்த்தையில குறிச்சு வச்சுக்கிட்டா போதும். மனப்பாடம் பண்ணினா பேசும்போது ரெண்டு வேலை ஆயிடும், பேசணும், எழுதி வச்ச மாதிரியே பேசறோமான்னு சரியும் பார்க்கணும், அதுலதான் பாதிப் பேருக்கு நடுவுல எல்லாம் அழிஞ்சு போன மாதிரி ஆயிடுது. மத்தவங்க பேசும்போது வேலை உங்க உடம்பைக் கண்காணிக்கறது இல்ல, அவங்க சொல்றதைக் கேட்கறது. முடிஞ்ச பிறகு யார் என்ன சொன்னாங்கன்னு ரெண்டு விஷயம் சொல்ல முடியணும்னு ஒரு வேலை கொடுத்துக்கோங்க, கவனம் தானா வெளியே திரும்பும். முதல்ல சுலபமான இடத்துல பழகுங்க, டீமோட மொத்தக் கூட்டத்துல ஆரம்பிக்காம ரெண்டு பேர் பேசற இடத்துல ஆரம்பிங்க.

போன் விஷயத்துல நிறைய பேரோட பயம் பேசறது இல்ல, பக்கத்து சீட்ல இருக்கறவங்க நாம பேசறதைக் கேட்கறாங்களேங்கறதுதான். அதனால ரூம் தேடிப் போய் பேசற பழக்கத்தை முதல் வாரம் வச்சுக்கலாம், ரெண்டாவது வாரத்துலேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு போனாவது உட்கார்ந்த இடத்துலேர்ந்தே பேசணும், அதுவும் மெயில் போட்டா முடியற சின்ன விஷயத்துக்கு. பேசி முடிச்சதும் பக்கத்து சீட்டைப் பாருங்க, அவங்க பெரும்பாலும் ஹெட்செட் மாட்டிக்கிட்டு தன் வேலையில இருப்பாங்க.

சாப்பாட்டு நேரம் தினமும் வேண்டாம், வாரத்துக்கு ரெண்டு நாள் போதும், முழு நேரமும் இருக்கணும்னு இல்ல. அங்க சுவாரசியமா பேசணும்னு ஒரு சட்டம் நீங்களா போட்டு வச்சிருக்கீங்க, அதுதான் அழுத்தம். யாராவது ஒண்ணு சொன்னா அதுலேர்ந்து ஒரு கேள்வி கேளுங்க, அப்புறம் உங்களைப் பத்தி ஒரே ஒரு சின்ன விஷயம் சொல்லுங்க. இந்த ரெண்டாவதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க, கேள்வி மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தா எதிராளிக்கு விசாரணை மாதிரி ஆயிடும், நெருக்கமும் வராது. 2018ல வந்த ஒரு ஆய்வுல அறிமுகம் இல்லாத ரெண்டு பேரைப் பேச விட்டுட்டு அப்புறமா தனித்தனியா கேட்டாங்க: அவங்களுக்கு உங்களை எவ்வளவு பிடிச்சிருக்கும், உங்களுக்கு அவங்களை எவ்வளவு பிடிச்சுதுன்னு. ரெண்டு பக்கமும் "நம்மளை அவ்வளவா பிடிச்சிருக்காது"ன்னுதான் நினைச்சிருந்தாங்க, உண்மையில அதைவிட அதிகமா பிடிச்சிருந்துச்சு. எதிர்ல சாப்பிடறவங்களும் வீட்டுக்குப் போய் இதையே யோசிக்கறாங்க.

வீடியோ காலுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். பேசற நேரம் முழுக்க உங்க முகமே உங்க முன்னாடி ஒரு பெட்டியில தெரியுது, உள்ளே திரும்பற கவனத்துக்கு இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. உங்க படத்தை உங்களுக்கு மட்டும் மறைக்கற வசதி இருந்தா போட்டுடுங்க, மத்தவங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. கேமராவையே அணைக்கறது தற்காப்பு வேலை, இது அப்படி இல்ல.

மூச்சுப் பயிற்சி பத்தி எல்லாரும் கேப்பாங்க. வீட்ல பண்ணுங்க, நல்லதுதான். ஆனா மீட்டிங் நடுவுல பதற்றத்தை அடக்கியே ஆகணும்னு மூச்சை எண்ணிக்கிட்டு இருந்தா அதுவும் ஒரு தற்காப்பு வேலையாயிடும், கவனம் திரும்ப உள்ளே போயிடும். 2014ல ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் வெளியிட்ட ஆய்வுல, பேசப் போறதுக்கு முன்னாடி "நான் அமைதியா இருக்கேன்"னு சொல்லிக்கிட்டவங்களைவிட "எனக்கு உற்சாகமா இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டவங்க நல்லா பேசினாங்க. ஓடற நெஞ்சை நிறுத்தப் பார்க்கறதைவிட ஓட விட்டுட்டு வேலையைப் பார்க்கறது சுலபம்னு நான் இதை எடுத்துக்கறேன்.

மீட்டிங் முடிஞ்ச பிறகு ராத்திரி படுக்கையில அதையே ஓட்டிப் பார்க்கறீங்கன்னு எழுதல, ஆனா கண்டிப்பா நடக்கும், இந்த பயம் உள்ள யாரும் அதைச் செய்யாம இருந்து நான் பார்க்கல. நல்லா போன மீட்டிங்கைக் கூட ராத்திரி இந்த வேலை கெடுத்துடும், ஏன்னா அப்ப மனசு நடந்ததை எடுத்துப் பார்க்கல, பகல்ல வரைஞ்ச அந்தப் படத்தைத்தான் எடுத்துப் பார்க்குது. அதனால சாயங்காலம் வேலையை முடிக்கறதுக்கு முன்னாடி மூணு வரி எழுதுங்க: என்ன நடக்கும்னு நினைச்சேன், கேமரா வச்சிருந்தா என்ன பதிவாகியிருக்கும், அடுத்து எதை விட்டுப் பார்க்கப் போறேன். "எல்லாரும் என்னை மட்டமா நினைச்சாங்க"ங்கறது கேமராவுல பதிவாகாது, "ஒருத்தர் தலையாட்டினாரு, ஒருத்தர் கேள்வி கேட்டாரு"ங்கறது பதிவாகும். எழுதி மூடினதும் அன்னிக்கு அந்த விஷயம் முடிஞ்சுது, திரும்ப ஓட ஆரம்பிச்சா எழுந்து வேற வேலை பாருங்க. கூட வேலை செய்யறவங்களுக்கு மெசேஜ் போட்டு "நான் சொன்னது தப்பா படலையே"ன்னு கேட்கறதையும் விடுங்க, அந்த ஆறுதல் ஒரு மணி நேரம் தாங்கும், அப்புறம் இன்னொண்ணு தேவைப்படும்.

மேனேஜர்கிட்ட சொல்லலாமா? நல்லா நடந்துக்கற ஆளா இருந்தா சொல்லலாம், நோய் பேர் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. "குழுவுல பேசறது எனக்குக் கஷ்டமா இருக்கு, அதுல முயற்சி எடுத்துக்கிட்டு இருக்கேன், மீட்டிங்ல என்ன பேசப் போறோம்னு முன்னாடி நாளே தெரிஞ்சா உதவியா இருக்கும்"னு சொன்னா போதும். ஆனா எந்த உதவியைக் கேட்கறீங்கங்கறதுல ஜாக்கிரதையா இருங்க. பேசறதுக்கு வழி பண்ணித் தர்ற உதவி நல்லது, பேசாம இருக்க வழி பண்ணித் தர்ற உதவி இப்ப இனிக்கும், ஆறு மாசத்துல உலகம் இன்னும் சுருங்கிடும். முழுக்க வீட்லேர்ந்து வேலை கேட்கறதை நான் இந்த ரெண்டாவது கணக்குலதான் வைப்பேன், உடம்பு, குடும்பம்னு வேற காரணம் இருந்தா அது தனி.

ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பார்த்துக்கோங்க. பயம் ஒரே ஒரு ஆள்கிட்ட மட்டும், அந்த ஆள் எல்லார் முன்னாடியும் கத்தறவரு, கேலி பண்றவரு, மட்டம் தட்டறவருன்னா அது சோஷியல் ஆங்ஸைட்டி இல்ல, உங்க மனசு சரியாத்தான் எச்சரிக்குது. அங்க பரிசோதனையெல்லாம் பண்ணாதீங்க. நடந்ததைத் தேதி, நேரம், கூட யார் இருந்தாங்கன்னு எழுதி வச்சுக்கிட்டு எச்ஆர்கிட்டயோ அவருக்கு மேல இருக்கறவங்ககிட்டயோ கொண்டு போங்க, அந்த மாதிரி இடத்துலேர்ந்து வேலை மாறினா அது ஓடறது ஆகாது.

சிகிச்சை பத்தி. 2014ல 101 ஆய்வுகளை, 13,000த்துக்கும் மேல ஆளுங்களோட முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து லான்செட் சைக்கியாட்ரிங்கற மருத்துவ இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல தனியா ஒருத்தருக்கு ஒருத்தர்னு கொடுக்கற சிபிடி சிகிச்சைதான் (நினைப்பையும் நடந்துக்கற விதத்தையும் மாத்திப் பழக்கற பேச்சு சிகிச்சை) முன்னாடி நின்னுது. எந்த சிகிச்சை கொடுக்கலாம்னு வழிகாட்டற பிரிட்டனோட நைஸ் அமைப்பு 2013ல வெளியிட்ட வழிகாட்டியும் அதைத்தான் முதல்ல கொடுக்கச் சொல்லுது. மேல சொன்ன கிளார்க், வெல்ஸ் முறைன்னா 14 செஷன் வரைக்கும், ஒவ்வொண்ணும் 90 நிமிஷம், சுமார் 4 மாசம். அதாவது வருஷக்கணக்குல போற விஷயம் இல்ல. நீங்க யாரையாவது பார்க்கப் போனா முதல் நாளே கேளுங்க: சோஷியல் ஆங்ஸைட்டிக்கு சிபிடி கொடுத்துப் பழக்கம் உண்டா, ரூமுக்கு வெளியே போய் முயற்சி பண்ற வேலை இருக்குமா, என்னை வீடியோ எடுத்து எனக்கே காட்டுவீங்களான்னு. உள்ள தோணற படத்துக்கும் உண்மையில தெரியறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு காட்ட அந்த வீடியோ முறையைவிட வேகமா வேலை செய்யறதை நான் பார்க்கல. ஆறுதலா பேசிட்டு மட்டும் அனுப்பறாங்கன்னா வேற ஆளைத் தேடுங்க.

மருந்து தேவைப்பட்டா எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் மாதிரி எஸ்எஸ்ஆர்ஐங்கற மனச்சோர்வு, பதற்ற மருந்து வகையைத்தான் டாக்டர்கள் முதல்ல யோசிப்பாங்க, பலன் தெரிய சில வாரம் ஆகும், நீங்களா சட்டுன்னு நிறுத்தக் கூடாது. மேடை நடுக்கத்துக்கு ப்ரொப்ரனலால் மாத்திரை போட்டா சரியாயிடும்னு நண்பர்கள் சொல்லுவாங்க, அது படபடப்பையும் நடுக்கத்தையும் கொஞ்ச நேரம் குறைக்கும், ஆனா எல்லா இடத்துலயும் வர்ற பயத்துக்கு அது சிகிச்சை இல்ல, ஆஸ்துமா உள்ளவங்களுக்கு ஆபத்து, டாக்டரைக் கேட்காம தொடவே கூடாது. தூக்க மாத்திரை வகையிலயும் மதுவுலயும் தைரியம் தேடறது பழக்கமாயிடும், மதுவால இந்த பயம் உள்ள எத்தனையோ பேர் ரெண்டாவது பிரச்சினையில மாட்டியிருக்காங்க. காலையில எழுந்திருக்கவே பிடிக்கல, எதுலயும் ஆர்வம் இல்ல, வாழ்ந்து என்னங்கற எண்ணம் வருதுன்னா இந்த முயற்சியெல்லாம் அப்புறம், அன்னிக்கே டாக்டரையோ உதவி எண்ணையோ தொடர்பு கொள்ளுங்க, வீட்ல ஒருத்தர்கிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க.

இனி அந்த ப்ரசென்டேஷன். ரெண்டு வாரம் இருக்கு, போதும். முதல் வாரம் ஸ்லைடை முடிச்சுடுங்க, அதுக்கு மேல அழகுபடுத்தறதுல ஒளியாதீங்க. முழுசா எழுதிப் படிக்க வேண்டாம், ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு வரிக் கருத்து போதும், முதல் ரெண்டு வாக்கியத்தை மட்டும் நல்லா பழகிக்கோங்க, ஏன்னா பயம் உச்சத்துல இருக்கறது அப்பத்தான். போன்ல உங்களை வீடியோ எடுங்க. பார்க்கறதுக்கு முன்னாடி எவ்வளவு மோசமா இருக்கும்னு, எவ்வளவு சிவந்திருப்பேன், எத்தனை தடவை திக்கியிருப்பேன்னு எழுதிட்டு, அப்புறம் யாரோ தெரியாத ஆளைப் பார்க்கற மாதிரி பாருங்க. ரெண்டாவது வாரம் நம்பிக்கையான ஒருத்தர் முன்னாடி ஒரு தடவை, முடிஞ்சா அதே ரூம்ல. அன்னிக்கு பத்து நிமிஷம் முன்னாடியே போய் வர்றவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசிடுங்க, கடைசி நிமிஷத்துல நுழைஞ்சா எல்லாரும் வேத்து மனுஷங்களா தெரிவாங்க. பேசும்போது ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க, மெதுவா, நடுவுல நிறுத்தி. நிறுத்தம் உங்களுக்குத்தான் யுகமா தெரியும், கேட்கறவங்களுக்கு அது மூச்சு விடற இடைவெளி. குரல் நடுங்கினா மன்னிப்பு கேட்காதீங்க, தொடர்ந்து பேசுங்க. மறந்து போச்சுன்னா ஸ்லைடைப் பார்த்து "இதுல முக்கியமானது என்னன்னா"ன்னு சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போங்க. பதில் தெரியாத கேள்வி வந்தா "பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்"னு சொல்லுங்க, அனுபவசாலிகளும் தினமும் இதைத்தான் சொல்றாங்க.

சாயங்காலம் அந்த மூணு வரி. எப்படிப் போயிருந்தாலும் மறுநாள் லீவு மட்டும் போடாதீங்க, அந்தப் பதில் சொல்ல வேண்டிய ஆள் இருந்தா அவர் சீட்டுக்கே போய் நேர்ல சொல்லிட்டு வாங்க.